வேலியில் அடித்த ஐந்து ஆணி

சாப்பாட்டு மேசையில், ஒரு ஜாம் போத்தல் மூடிக்குள் ஐந்து ஆணிகள் கிடக்கின்றன. எல்லாம் துருப்பிடித்தவை, கழற்றும்போது இரண்டு வளைந்தும் போய்விட்டன. போன ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில், என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆணி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். மெல்பேணில் இருக்கும் அவளுக்கு, அப்பாவுக்கு மூளை கலங்கத் தொடங்கிவிட்டதோ என்று பயம் வந்திருக்கும். கடைசியாக எப்போது டாக்டரிடம் போனீர்கள் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் கலங்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக எனக்கும் பக்கத்து வீட்டுக் கிரேக்கருக்கும் நடுவே நின்ற ஆணிகள் இவை. அடித்தவர் அவர்தான் என்றாலும் அடிக்க வைத்தவன் நான் என்பதால், குப்பையில் எறிய மனம் வரவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் சிட்னியின் லிட்கம் பகுதியில் இந்த வீட்டுக்கு வந்தபோது, எங்கள் தெருவில் மட்டுமல்ல, சுற்றியிருந்த பத்துத் தெருவிலும் ஒரு தமிழ்க் குரல் கிடையாது. இன்று பக்கத்து ஹோம்புஷ் ரயில் நிலையத்தில் இறங்கினால் தோசை மணக்கிறது. அன்று யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்தால்தான் வீட்டில் நல்ல மிளகாய்த்தூள். நான் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆசிரியர் அறையில் யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. ஆனால் என் கதிரைக்கு இரு பக்கமும் எப்போதும் கதிரை காலியாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டை நான் வகுப்பறையிலேயே முடித்துக்கொள்ளப் பழகினேன்.

அப்படியிருந்த காலத்தில் என்னோடு மனம்விட்டுக் கதைத்த ஒரே மனிதர் பக்கத்து வீட்டுக் கிரேக்கர். செங்கல் தொழிற்சாலையில் வேலை. அவருடைய ஆங்கிலம் முறிந்த ஆங்கிலம், என்னுடையது இலக்கணப் புத்தக ஆங்கிலம். என்னை அவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். முதல் கோடையில் ஒருநாள் நடுவேலியில் ஒரு பலகையின் கீழ் ஆணிகளைக் கழற்றி, பலகையை மேல் ஆணியில் தொங்கவிட்டு ஒருபக்கம் தள்ளி, அந்த இடைவெளியால் ஒரு கிண்ணம் அத்திப்பழத்தை நீட்டினார். என் மனைவிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "இஞ்சை பாருங்கோ, சிட்னியிலையும் பொட்டு!" என்று கையைத் தட்டினாள். எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு இடையிலுள்ள வேலியில் ஆள் புகுந்து போகக்கூடிய ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். அதைத்தான் பொட்டு என்போம். பொட்டு இருந்தால் அந்த இரண்டு வீடும் ஒன்றுக்குள் ஒன்று என்று அர்த்தம். அதன் வழியாக எங்கள் மகளும் அவருடைய மகளும் நாள் முழுவதும் போய் வந்தார்கள். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தார்கள்.

சில வருடங்களில் அந்த வாக்குவாதம் தொடங்கியது. குடியேறியவர்களின் மொழியையும் வரலாற்றையும் அரசுப் பள்ளிகளில் பள்ளி நேரத்திலேயே படிப்பிக்க வேண்டும் என்றார்கள் ஒரு பகுதியினர். ஆங்கிலம் மட்டும் போதும், மற்றதை அவரவர் சனிக்கிழமையில் தேவாலயத்திலோ கோயிலிலோ வைத்துக்கொள்ளட்டும், சட்டம் போட்டே இதைத் தடுக்க வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். வானொலியைத் திறந்தால் அதே கதை. மகளின் பள்ளியிலும் பெற்றோர் கூடி வாக்களித்து, வேண்டுமா வேண்டாமா என்று எழுதிக் கொடுப்பதென்று முடிவாயிற்று. கிரேக்கர் இரண்டு மாதம் வேலை முடிந்த கையோடு, வேண்டும் என்று வாக்குக் கேட்டு வீடுவீடாக ஏறி இறங்கினார். ஒரு மாலை பொட்டடியில் வந்து நின்றார். "டீச்சர், நான் எழும்பிக் கதைத்தால் அவர்கள் சிரிப்பார்கள். உன் ஆங்கிலத்துக்குச் சிரிக்க முடியாது. நீ எங்களுக்காகக் கதை. உன் மகளுக்கும் நாளைக்கு உன் மொழி கிடைக்கும்," என்றார். நான் சரி என்றேன். மனமறிந்துதான் சொன்னேன், அதில் பொய்யில்லை.

கூட்டத்துக்கு இருவரும் ஒன்றாக நடந்து போனோம். அவர் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிக் கோட்டுப் போட்டிருந்தார். மண்டபத்தில் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒரு பெண், இதை எப்படி நடத்தப் போகிறீர்கள் என்று கேட்டாள். தலைமையாசிரியர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். அந்த நேரத்துக்கு மட்டும் பிள்ளைகளைப் பிரிப்போம், கிரேக்கப் பிள்ளைகள் ஓர் அறை, அரபுப் பிள்ளைகள் இன்னோர் அறை, மற்றவர்கள் வகுப்பிலேயே இருப்பார்கள் என்றார்.

பிரிப்போம் என்று கேட்டதும் எனக்குத் தலைக்குள் சூடேறியது. இலங்கையில் நான் கடைசியாகப் படிப்பித்த பள்ளி ஒரே கூரையின் கீழ் இரண்டு பள்ளி. இந்தப் பக்கம் தமிழில் படிக்கும் பிள்ளைகள், அந்தப் பக்கம் சிங்களத்தில் படிக்கும் பிள்ளைகள். ஒரே மைதானத்தில் இரண்டு பந்து. மரத்தடியில் சேர்ந்து நெல்லிக்காய் பொறுக்கியவர்கள், பத்தாம் வகுப்புக்கு வரும்போது ஒருவரோடொருவர் கதைக்க ஒரு சொல் இல்லாமல் நின்றார்கள். பிறகு பல்கலைக்கழகம் போகத் தமிழில் எழுதுகிறவனுக்கு ஒரு புள்ளி, சிங்களத்தில் எழுதுகிறவனுக்கு அதைவிடக் குறைந்த புள்ளி என்று வைத்தபோது, என் மாணவர்கள் வாசலோடு திரும்பியதையும் பார்த்தேன். அதைப் பார்க்கமாட்டாமல்தான் கப்பல் மாதிரி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் எழும்பினேன். பையில் கிரேக்கருக்காக எழுதிய காகிதம் இருந்தது, அதை எடுக்கவில்லை. "பிள்ளைகளை மொழியால் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்துப் பாழாய்ப்போன நாட்டிலிருந்து வருகிறேன்," என்று தொடங்கி, கணக்கு வாத்தியாருக்கே உரிய ஒழுங்கோடு, படிப்படியாகச் சொல்லி முடித்தேன்.

முன்வரிசை எழும்பிக் கைதட்டியது. வேண்டும் என்ற பக்கம் மூன்று வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. ஒருவர் வந்து என் தோளில் தட்டி, உன்னைப்போன்ற ஆட்கள்தான் எங்களுக்கு வேண்டும் என்றார். அந்த மனிதர் அடுத்த நாள் காலை ரயிலில் எனக்கு நேர் எதிரே இருந்தார். என்னை யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில், குடியேறி வந்த இந்தியத் தகப்பன் ஒருவர்கூட இதை எதிர்த்தார் என்று எழுதினார்கள். நான் இந்தியனும் இல்லை. நல்ல மரியாதை!

கிரேக்கர் அன்று என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வெளியே வந்ததும் தெருவைக் கடந்து அந்தப் பக்க நடைபாதையில் ஏறினார். வீடு வரும்வரை அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக, ஒரே வேகத்தில் நடந்தோம். கூப்பிடலாம் என்று பலமுறை வாய் திறந்தேன். என் பெரிய ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் வரவில்லை. ஞாயிறு காலை தேவாலயம் போய்வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல், பலகையைக் கீழே இழுத்து ஆணி அடித்தார். குசினிக்குள் நின்று எண்ணினேன், ஐந்து. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களை ஆர் எழும்பிக் கதைக்கச் சொன்னது? வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை விட்டிட்டு, இப்ப குத்துது குடையுது எண்டு நிண்டால் சரியோ?" என்றாள்.

நான் அடங்கவில்லை. சொன்னால் சொன்னதுதான் என்கிற வாத்தியார் வியாதி எனக்கு அப்போது முற்றியிருந்தது. ஊர் முழுக்கச் சொன்னதை முதலில் வீட்டில் செய்துகாட்ட வேண்டும் என்று, பிள்ளையோடு ஆங்கிலம் மட்டும் கதைப்பது என்று சட்டம் போட்டேன். மனைவியின் தமிழ் குசினிக்குள் சட்டிபானையோடு நின்றுவிட்டது. கிரேக்கர் தோற்ற கையோடு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கினார். அவருடைய மகள் அழுதுகொண்டு போவாள், என் மகள் ஜன்னலால் பார்த்துச் சிரிப்பாள். பிற்பாடு அரசுப் பள்ளிகளிலேயே அந்த வகுப்புகள் வந்தன. வானமும் இடிந்து விழவில்லை, பிள்ளைகளும் எதிரியாகவில்லை. எங்கள் நாட்டில் பாவம் செய்தது பிள்ளைக்குத் தன் மொழியைப் படிப்பித்த வகுப்பறை அல்ல. ஒருவரின் மொழியை மற்றவரின் தலையில் ஏற்றிய கைகள். அது எனக்கு விளங்க வருடங்கள் பிடித்தன. விளங்கிய பிறகும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று, தெருவில் கண்டால் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு கிழவனானேன்.

என் மனைவி இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் அவளை விட்டு ஆங்கிலம் முதலில் போனது. கடைசியில் வந்தது முதலில் போகுமாம். "காலுக்குப் போர்வையை இழுத்து விடு பிள்ளை," என்பாள். மகள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். ஒரு பின்னேரம் நான் தேநீர் வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது மனைவி நித்திரையாகியிருந்தாள். மகள் அவள் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அம்மா நிறைய நேரம் கதைத்தா, சிரிச்சுச் சிரிச்சுக் கதைத்தா, நான் தலையாட்டினேன், என்ன சொன்னா என்று தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மனைவி பிறகு கண் விழிக்கவில்லை. அந்தத் தேநீரை நான் ஏன் வாங்கப் போனேன் என்று இன்றும் என்னையே ஏசிக்கொள்கிறேன்.

இந்த மாசி மாதம், அடுத்த வீட்டில் அத்தி பழுத்த நேரம், போன ஞாயிறு வேலிப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கிரேக்கர் அந்தப் பக்கம் நின்று, ஆணி அடித்த பலகையை உள்ளங்கையால் தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்; அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. "மன்னியுங்கோ அங்கிள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "அப்பாவுக்கு மறதி வருத்தம். ஆங்கிலமும் போய்விட்டது. இந்தப் பலகையை யார் அடைத்தது என்று காலையிலிருந்து என்னோடு சண்டை பிடிக்கிறார்."

கொட்டிலில் இருந்து சுத்தியலை எடுத்துவந்தேன். ஐந்தையும் கழற்ற அரை மணித்தியாலம் பிடித்தது. மூச்சு வாங்கியது, மகள்காரி உதவட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். பலகையைத் தள்ளியதும் அவர் கிண்ணத்தை நீட்டினார். கிரேக்கத்தில் என்னவோ நீளமாகச் சொன்னார். அவருடைய மகள் அவர் சொல்லச் சொல்ல எனக்கு மாற்றிச் சொன்னாள்: ஏன் டீச்சர் இவ்வளவு நாள் வரவில்லை, பழமெல்லாம் வீணாகுது, பிள்ளைகள் எங்கே விளையாடப் போய்விட்டார்கள் என்று கேட்கிறாராம்.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். நாற்பது வருடம் ஆங்கிலத்தில் வராதது தமிழில் கொட்டியது. "நான் உமக்குத் துரோகம் செய்து போட்டன். நீர் என்னை நம்பிக் கூட்டிக்கொண்டு போனீர். பிழை என்ரை. மன்னிச்சுக் கொள்ளும்," என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. அவருடைய மகள், "அப்பாவிடம் என்ன சொன்னீர்கள், அங்கிள்?" என்று கேட்டாள். பழம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன் என்றேன்.

ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்து, இந்த மூடிக்குள் போட்டுவிட்டு இருந்தேன். அப்போதுதான் தொலைபேசி அடித்தது. என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று மகள் கேட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் வாய்க்கு வந்ததெல்லாம் தமிழாகவே வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, ஆணி பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.