பெரிய மாமனாரை எதிர்த்து நின்றது

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், ஒரு மாலை அவள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். "டிராக்டர் ஏறிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கரும்பைக் கடிக்கத் தொடங்கினாள்.

எறையூர் ஆலைக்குக் கரும்பு போகும் சாலையில் எங்கள் ஊர் இருக்கிறது. அரவை தொடங்கிவிட்டால் பகல் முழுக்க டிராக்டர்கள் போகும். ஓட்டுகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் வண்டியை நிறுத்துவார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வாசலிலிருந்து நேரே சாலைக்கு ஓடி, வண்டியின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பை உருவுவார்கள். டீ குடித்து முடித்தவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுப்பார். அன்று என் மகளுக்குச் செருப்போடு போயிற்று.

அந்தச் செருப்பைத் தேடி எடுத்து வந்தேன். தகடுபோல இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. எழுப்பிச் சொல்ல வீட்டில் ஆளும் இல்லை. கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோன் கடைக்குப் பேசுவார். மாமனார், மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார்கள். அரியலூரில் பிறந்து, அங்கேயே பி.ஏ. படித்து, இந்த ஊருக்கு வாழ வந்தவள் நான். தெருவில் எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் பேச்சு நடக்கும் இடத்துக்கு நான் போனால், பேச்சு கொஞ்சம் திருந்திவிடும்.

மறுநாள் தலைமையாசிரியரைப் பார்த்தேன். பள்ளியின் பக்கச் சுவரை இடித்து, சந்துப் பக்கம் ஒரு வாசல் வைத்தால் பிள்ளைகள் சாலையைத் தொடாமலே தெருவுக்கு வந்துவிடலாம் என்றேன். அவர் மறுக்கவில்லை.

"நல்ல யோசனைதாம்மா. ஆனா பி.டி.ஏ. தீர்மானம் போடணும். தலைவர் ஒத்துக்கமாட்டாரு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பொதுக்கூட்டம் வருது. வேணும்னா நீங்களே தலைவருக்கு நில்லுங்களேன்" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தலைவர் வேறு யாருமல்ல, என் கணவரின் பெரியப்பா. பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தது அவருடைய அப்பா. வாசலில் உள்ள வளைவில் அந்தப் பெரியவரின் பெயரைச் சிமெண்டில் புடைப்பாக எழுதியிருக்கிறார்கள். வருடாவருடம் பொங்கலுக்கு முன் பெரிய மாமனாரே நின்று அந்த எழுத்துகளுக்கு நீல பெயிண்ட் அடிக்கச் சொல்வார். முதலில் அவரிடமே போய்க் கேட்டேன். கதவோரம் நின்றுதான் கேட்டேன்.

"சின்ன மருமவ பயப்படறது நியாயந்தான்" என்றார். "ஆனா எங்கப்பா பேரு இருக்கற வாசல மூடிட்டு, புள்ளைங்கள சந்து வழியா வரச் சொல்லுவியா? டிரைவருங்ககிட்ட நான் சொல்லிக்கறேன் போ."

அவர் சொன்னார். இரண்டு நாள் கேட்டார்கள். மூன்றாம் நாள் மறுபடி டீக்கடை முன்னால் வண்டிகள் நின்றன. நான் தலைமையாசிரியரிடம் போய், நிற்கிறேன் என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் போய், வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று சைக்கிள் ஸ்டாண்டு அருகே நின்று யோசித்தேன். மகள் வகுப்பிலிருந்து என்னைப் பார்த்துக் கையாட்டினாள். வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் சொன்னேன்.

"பெரியப்பாவ எதுத்தா?"

"எதுத்து இல்லீங்க. வாசலுக்காக."

"சரி, ஒன் இஷ்டம்" என்றார். அதைக் கோபமாகச் சொன்னாரா, தைரியம் கொடுத்துச் சொன்னாரா என்று வாரம் முழுக்க அந்தச் சொற்களை விதவிதமான குரலில் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலங்களில் மகளை அழைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பெண்கள் கரும்பு வெட்டிவிட்டு வந்து, சோகை இலை கீறிய கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். நான் பேச வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேன். வாசற்படி ஏறியதும் மறந்துவிடும். பையிலிருந்து அந்தச் செருப்பை எடுத்துக் காட்டுவேன். அது போதுமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் அதே பள்ளியில்தான் படித்தன. அவள் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதான் ஒன் சின்னமா? செருப்பு சின்னம்! நல்லாத்தான் இருக்கு. தோத்தா எடுத்து அடிச்சுக்கலாம்."

"அக்கா, வெளயாடாதீங்க."

"வெளயாடல புள்ள. எம் பையன் தெனம் ஒரு கரும்போட வரான். எனக்கு மட்டும் வவுறு எரியாதா? என் கை ஒனக்குத்தான். இந்தத் தெருவு பொம்பளைங்க கையெல்லாம் ஒனக்குத்தான். ஜெயிச்சுட்டு, எங்கள ஆருன்னு கேட்டுறாத."

ஒவ்வொரு வீட்டிலும் இப்படித்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, மகள் தூங்கிய பிறகு, நம்பலாமா என்று யோசிப்பேன். நம்பினேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். "சீட்டுல எழுதிப் போடச் சொல்லவா, கை தூக்கச் சொல்லவா?"

எனக்கு எது சரி என்று தெரியவில்லை. சீட்டு என்றால் பெரிய மாமனாரை நம்பாததுபோல் ஆகிவிடுமோ என்று தோன்றியது. "உங்க விருப்பம் சார்" என்றேன்.

கூட்டம் பெரிய வகுப்பறையில் நடந்தது. ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். என் பெரிய மாமனார் உள்ளே வந்தபோது பெண்கள் எல்லோரும் எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்கள். நானும் எழுந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தெருவே ஒரே பங்காளிக் கூட்டம். என்னைப்போல வாழ வந்த அத்தனை பேருக்கும் அவர் மாமனார் முறை. அவர் எதிரே நாற்காலியில் உட்காராதவர்கள், குரலை உயர்த்திப் பேசாதவர்கள், அவர் பார்க்கக் கையை உயர்த்துவார்களா?

தலைவருக்கு என்றதும் பெஞ்சுகளில் கைகள் எழுந்தன. அடுத்து என்னைக் குறிப்பிட்டு, "இந்த அம்மாவுக்கு" என்றார் தலைமையாசிரியர். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் கை மடியில் கிடந்தது. விரல்கள் மட்டும் புடவைக் கரையைச் சுருட்டிக்கொண்டிருந்தன. எனக்கு நானே கை தூக்கலாம் என்று தலைமையாசிரியர் சைகை காட்டினார். பெரிய மாமனார் முன்னால் என் கையும் எழவில்லை.

பெரிய மாமனார் ஜெயித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "சின்ன மருமவ நல்லதுக்குத்தான் சொன்னா. அதுல தப்பில்ல" என்றார் எல்லோரிடமும். பிறகு என் பக்கம் திரும்பி, "டீ வந்துருச்சு. எல்லாருக்கும் எடுத்துக் குடும்மா" என்றார்.

கொடுத்தேன். முதல் டம்ளர் அவருக்கு. கடைசியில் பெண்களுக்கு. ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அக்கா டம்ளரை வாங்கும்போது மட்டும் என் விரலையும் சேர்த்துப் பிடித்து, ஒரு நிமிடம் விடாமல் இருந்தாள். டீ கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் சுட்டிருக்கும்.

அடுத்த நாள் பள்ளி விடும் நேரத்துக்கு நான் சாலைக்குப் போய்விட்டேன். போவதற்கு முன் மூன்று முறை கதவைப் பூட்டித் திறந்தேன். மணி அடித்ததும் நடுச்சாலைக்கு வந்து, டிராக்டருக்கு எதிரே கையைத் தூக்கினேன்.

"என்னக்கா, ரோட்டுக்குத் தலைவராயிட்டியா?" என்று ஓட்டுகிறவன் கத்தினான். டீக்கடையில் சிரித்தார்கள். ஆனால் வண்டி நின்றது. பிள்ளைகள் கடந்தார்கள்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா வெட்டரிவாளோடு வந்து நின்றாள். "இதுங்கள பள்ளிக்கூடம் வுடறப்பவும் பாத்துக்க. எனக்கு வயலுக்கு நேரமாவுது" என்று பிள்ளைகள் மூன்றையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அதன்பின் மற்ற பெண்களும் அப்படியே செய்தார்கள். அவர்கள் என்னை நம்பினார்களா, அல்லது சும்மா இருப்பவள்தானே என்று நினைத்தார்களா, தெரியவில்லை. அந்த அரவைப் பருவம் முழுக்கக் காலையும் மாலையும் நான் அந்தச் சாலையில் தனியாக நின்றேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள், நான் கையைத் தூக்கியிருந்தபோது எதிரே வந்தது டிராக்டர் அல்ல, பெரிய மாமனாரின் மொபெட். என் கை தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. ஆனால் பாதிப் பிள்ளைகள் சாலையின் நடுவில் இருந்தார்கள். அவருக்குப் பின்னால் கரும்பு வண்டியும் வந்துகொண்டிருந்தது. கையை இறக்க முடியவில்லை. முந்தானையை இழுத்துக்கொள்ளவும் இன்னொரு கை இல்லை. அதை மகள் பிடித்திருந்தாள்.

அவர் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றினார். என்னைப் பார்க்கவில்லை. வளைவிலிருந்த அப்பாவின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்த டிராக்டரும் நின்றது.

"போவலாமா?" என்றார் கொஞ்சம் கழித்து.

"கடைசிப் புள்ள வரட்டும் மாமா" என்றேன்.

காத்திருந்தார். பிறகு போனார். சந்துப் பக்கம் வாசல் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் எழுத்துகளுக்கு நீல பெயிண்ட் அடித்தார்கள்.

அந்த மொபெட் நின்றதைச் சொல்ல அந்த வார ஞாயிறு வரை காத்திருந்தேன். கணவர் பேசினார். மகளின் உடம்பைப் பற்றிக் கேட்டார், வீட்டு ஓடு மாற்றுவதைப் பற்றிக் கேட்டார். "வேற என்ன?" என்றார்.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "நாளைக்குக் காலையில சீக்கிரம் போவணும்."