வெறுங்காலோடு வரச் சொன்னவன்

யாக்கோபின் வலது கால் போனதற்குக் காரணம் நான்தான். நோயும் அல்ல, மலைக் கல்லும் அல்ல... நான்!

இதைப் படிக்கிற நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களிடம் சொல்லத் துணிவில்லாமல்தான் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

எழுபதுகளின் கடைசியில், மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஓட்டுக் கோவிலுக்கு நான் உபதேசியார். பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவதும், ஞானோபதேசம் கற்பிப்பதும் என் வேலை. நன்றாகப் பேசுவேன், அதுவே எனக்குக் கேடாயிற்று. இயேசுவைப் போல நடப்பதென்றால் கோவிலில் முழங்கால் போடுவது மட்டுமல்ல, சந்தையில் புளி நிறுக்கும்போதும், அடுத்தவன் மாடு உன் சாமையை மேயும்போதும் அவரைப் போல நடக்க வேண்டும் என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஊருக்குத்தானே உபதேசம்!

யாக்கோபு மலைக்காரன். எட்டு மைல் தள்ளி ஒரு சரிவில் சாமை விதைப்பவன். தொழுநோய் வந்து, மருந்து தின்று, முழுக்கக் குணமாகி, பிறகு ஞானஸ்நானம் பெற்றவன். நோய் போயிற்று; ஆனால் பாதங்களில் உணர்ச்சி திரும்பவில்லை. முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பு சுட்டாலும் தெரியாது. அதனால் ஆஸ்பத்திரியில் அவனுக்கென்று அளவெடுத்து, மெத்தென்ற கறுப்பு ரப்பரில் செருப்புத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் செருப்பை எல்லோருக்கும் தெரியும். முகத்தைப் பார்க்காமலே, காலைப் பார்த்து விலகிப் போவார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேரின் வலது பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். இயேசு சீடர்களுக்குச் செய்ததை நாமும் செய்கிறோம் என்பதற்காக. அந்தப் பன்னிரண்டு பேரைப் பொறுக்குவது என் பொறுப்பு. நான் என்ன செய்வேன் தெரியுமா? நல்ல குடும்பமாகப் பார்த்துப் பொறுக்கி, "காலை நல்லாத் தேச்சிக் கழுவிக்கினு வாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவேன். ஆக, எங்கள் சாமியார் ஒரு வருடமும் அழுக்குக் காலைக் கழுவியதில்லை. இதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ஆண்டு சாமியார், "யாக்கோபும் உட்காரட்டும்" என்றார். பன்னிரண்டில் ஒருவரைக் கழிக்க வேண்டும். வருடா வருடம் அடிவாரத்துச் சந்தவாசலிலிருந்து வந்து உட்காரும் என் மைத்துனன் சூசையைக் கழித்தேன். அவன் கொதித்துப் போனான்.

"பெருவியாதிக்காரனுக்காக என்ன எழுப்பறியா மாமா? கீழேர்ந்து நம்ம சனமெல்லாம் வருதே, இன்னா நெனைக்கும்?"

இன்னா நெனைக்கும்? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இயேசு என்ன நினைப்பார் என்று ஊருக்கெல்லாம் கேட்கக் கற்றுக்கொடுத்தவன், என் மனைவியின் உறவுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றே கேட்டுக்கொண்டேன்.

சந்தையில் யாக்கோபைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். "என் காலயா? சாமியாரா?" என்று இரண்டு முறை கேட்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"ஆனா அந்த ரப்பர் செருப்பப் போட்டுக்கினு வராத. பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

"கழட்டவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீறாங்களே..."

"ஒரு நாள்தான? ஒண்ணும் ஆவாது."

"நீங்க சொன்னா சரிங்க" என்றான்.

மலையில் இருட்டுமுன் எல்லோரும் வீடு சேர வேண்டுமென்று நான்கு மணிக்கே பூசை. யாக்கோபு மூன்றரைக்கு வந்தான். தலையில் எண்ணெய், வெளுத்த வேட்டி, முகமெல்லாம் சிரிப்பு. அவனுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் வாசலிலிருந்து வரிசையாக இரத்தத் தடம். எட்டு மைல், பங்குனி வெயில், சரளைக் கல்... அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் கையைக் காட்டிய பிறகுதான் குனிந்து பார்த்தான், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சாமியார் வீட்டில் பஞ்சும் மருந்தும் இருந்தன. கிணற்றடியில் தண்ணீர் இருந்தது. என் காலிலேயே ஒரு ஜோடி செருப்பு இருந்தது!

"ரத்தக் காலோட உள்ள குந்த முடியாது. யாரும் பாக்கறதுக்குள்ள வூட்டுக்குப் போ" என்றேன்.

"சரிங்க உபதேசியாரே" என்றான். அவ்வளவுதான். அதே வெறுங்காலோடு, அதே எட்டு மைல் திரும்பி நடந்தான்.

நான் ஈரத் துணியால் தரையைத் துடைத்தேன். சூசையைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சாமியார், "யாக்கோபு எங்கே?" என்று கேட்டார். "வரவில்லை சாமி" என்றேன். அவர் சூசையின் காலைக் கழுவினார், நான் துண்டை நீட்டினேன். பாட்டுக்காரர்கள் அன்று வெகு நன்றாகப் பாடினார்கள்.

மூன்று வாரம் கழித்து, புண் புரையோடி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்த யாக்கோபைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். டாக்டரம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை.

"செருப்பை ஏன் கழட்டின? எத்தனை தடவை சொன்னேன்?"

யாக்கோபு ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "மறந்துட்டேங்க" என்றான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உபதேசியாரே, நீங்களாவது இவங்களுக்குப் புத்தி சொல்லக் கூடாதா?"

"சொல்றேன் டாக்டர்" என்றேன்... ஆம், அப்படித்தான் சொன்னேன்! வேறு எந்தப் பாவத்தையும்விட இந்த இரண்டு வார்த்தைதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது. பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு வாய் மூடிக் கிடந்த அவன், நான் இருபது வருடம் வாய் கிழியப் பேசியதைச் செய்து காட்டிவிட்டான். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன். கோபப்பட்டேன், செபத்தில் பராக்காக இருந்தேன் என்பவற்றுக்கு நடுவே, "பொய் சொன்னேன் சாமி, ரெண்டு தடவை" என்று செருகிவிட்டேன். சாமியார் ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து அதற்கு ஆசீரும் வாங்கிக்கொண்டேன்.

மழைக்குப் பிறகு ஒரு நாள், மனம் தாங்காமல் யாக்கோபின் வீட்டுக்கு நடந்து போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி காளியம்மா சரிவில் தனியாகக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். "யாக்கோபு, அன்னைக்கு நான்..." என்று நான் தொடங்கியதும் அவள் களைக்கொட்டோடு மேலே வந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்ங்க. காலு போன பெறகு அவரு ஒரு வார்த்த சொல்லல. செருப்பக் கழட்டி வெச்சிட்டுப் போம்போது, யாரு சொன்னதுன்னு நான்தான கேட்டேன், உபதேசியாருன்னாரு. இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க? மனசுல கெடக்கறத இங்க கொட்டிட்டு நீங்க லேசா எறங்கிப் போய்டுவீங்க. அத நாங்க எங்க வெச்சிக்கறது? எனக்குக் கொல்லையில வேல கெடக்குது."

திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் பிசகில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று நினைத்திருந்தேன். வாங்கிக்கொண்டு வரத்தான் போயிருக்கிறேன்.

யாக்கோபுதான் சங்கடப்பட்டான். "அவ அப்டித்தாங்க பேசுவா. கூழு குடிச்சிட்டுப் போங்க" என்று சொம்பை நீட்டினான். குடித்தேன். நான் எழுந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வர்ற வருஷம் என்னக் கூப்புடுவீங்களா உபதேசியாரே? எடது காலு நல்லாத்தான் கீது. அதக் கழுவலாங்களா?"

"கழுவலாம்" என்றேன்.

மறு வருடமும் பன்னிரண்டு பேரைப் பொறுக்கும் வேலை எனக்கே வந்தது. யாக்கோபு வந்து உட்கார்ந்தால், சாமியார் அவன் முன்னால் மண்டியிட்டு, "போன வருடம் ஏன் வரவில்லை?" என்று நிச்சயம் கேட்பார். நான் அவன் பெயரை எழுதவில்லை.