உபயோகம்: ஏதுமில்லை

நீர்நிலைப் புறம்போக்கை வேறு உபயோகத்துக்கு மாற்றுமுன் அந்த ஊரில் அறிவிப்பு ஒட்டி, தண்டோரா போட்டு, ஆட்சேபணை கேட்க வேண்டும். வந்த ஆட்சேபணைக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். இந்த விதியை எத்தனையோ கோப்புகளில் நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன். எண்ணூர் உப்பங்கழிக்கு மட்டும் அது பொருந்தாமல் போனது. போகச் செய்தவன் நான்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் வருவாய்த் துறை அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஈரானில் சில நாடுகள் கூடி, நீர்ப்பறவைகள் தங்கும் சதுப்புகளை உலக முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவித்துக் காப்பதாக ஒப்பந்தம் செய்திருந்தன. நம் அரசு சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. யோசிக்கக் கெடு கிடையாது. பட்டியல் அனுப்ப எங்களுக்கு ஒரு வாரம்.

திருவொற்றியூரில் என்னோடு எட்டாவது வரை படித்தவன் எண்ணூரில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் படகில் ஏறினேன்.

"இன்னா மாமு, குருவி எண்றதுக்கா சர்க்காரு சம்பளம் குடுக்குது?"

"எண்ண வேண்டாம். எங்கே இறங்குதுன்னு காட்டு."

"காட்டுனா?"

"கழி உலகப் பட்டியல்ல வந்துடும். அப்புறம் எந்தக் கம்பெனிக்காரனும் மண் கொட்ட முடியாது."

தென்கரையில் அப்போதே லாரிகள் கொட்டிக்கொண்டிருந்தன. அவன் கோலை ஊன்றிப் படகைத் திருப்பினான். புதருக்குப் பின்னால், கரையிலிருந்து பார்த்தால் தெரியாத சேற்றுத் திட்டு. பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன.

"இங்க எவனும் வலை வெக்க மாட்டான். ஊர்க் கட்டுப்பாடு. இறாக் குஞ்சு இங்கதான் வளருது. பெருசாயி ஆழத்துக்கு எறங்குனாத்தான் எங்க பொழப்பு ஓடும்."

சுற்றறிக்கையோடு வந்த படிவத்தின் கடைசிப் பத்தி: தற்போதைய உபயோகம். அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கலாம். மனித உபயோகம் என்று ஒரு வரி இருந்தாலே டெல்லியில் அடித்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம். யாரும் வலை வைப்பதில்லை அல்லவா? 'ஏதுமில்லை' என்று எழுதினேன். சர்வே எண்களோடு வரைபடமும் இணைத்தேன். என் வரைபடங்களுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர் உண்டு.

அடுத்த வருஷம் அந்தப் படிவம் வேறொரு கோப்புக்குள் இருந்தபடி என் மேஜைக்குத் திரும்பி வந்தது. கழிவு கொட்ட இடம் கேட்டு ஒரு ஆலை போட்ட விண்ணப்பம் அது. உபயோகம் ஏதுமில்லாத நிலத்துக்கு ஆட்சேபணை கேட்கத் தேவையில்லை என்று குறிப்பு எழுதி, ஆதாரமாக நான் சுருக்கொப்பமிட்ட அந்தப் படிவத்தைக் காட்டியிருந்தார்கள். உத்தரவும் போட்டாகிவிட்டது.

மேலதிகாரியிடம் போனேன். "பறவைப் பட்டியல் என்ன ஆச்சு சார்?"

"ஒப்பந்தத்துலயே நாம இன்னும் சேரலையேய்யா. ஆனா உம்ம வேலை சுத்தம். சர்வே நம்பர் வரைக்கும் இருந்துது. தனியா ஆள் அனுப்பற வேலை மிச்சம்."

முப்பது வருஷ சர்வீஸில் என்னை அவ்வளவு மனதாரப் பாராட்டியவர் வேறு யாருமில்லை.

அந்த வாரமே என் பள்ளித் தோழன் என் வீட்டு வாசலில் நின்றான். என் மனைவியிடம், "சார் இருக்காரா?" என்று கேட்டான். எனக்கு உள்ளே கேட்டது.

"மாமு, உள்ளே வா" என்றேன். வரவில்லை.

"நான் காட்டுன எடந்தானே சார்? நேரா அங்க வந்து கொட்றான். ஊர்ல என்னைத்தான் கேக்குறானுங்க, நீதானே ஆளை இட்டுகினு போனேன்னு."

நடைமுறையை விளக்கினேன். என் குறிப்பு எதற்காக எழுதப்பட்டது, எதற்கு எடுத்தாளப்பட்டது என்று வரிசையாகச் சொன்னேன்.

"எழுதுனது நீங்கதானே சார்?"

அவன் பெயரில் ஆட்சேபணை மனு எழுதி, என் முகவரியைப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். நினைவூட்டுகள் அனுப்பினேன். அவன் ஒரு முறைகூட வந்து விசாரிக்கவில்லை. லாரிகளும் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

'மனுதாரர் குறிப்பிடும் இடத்தில் சதுப்பு ஏதும் இல்லையென நேரடித் தணிக்கையில் தெரியவருவதால், ஆட்சேபணை முடித்துவைக்கப்படுகிறது.' இந்தப் பதில் வந்து சேர்ந்தது நான் ஓய்வு பெற்றதற்கு மறு வருஷம், போகி அன்று.