வெளிச்சவீட்டுக்கு அடித்த கோயில் வரி

நான் சொல்லப்போவது முழு உண்மை. ஆனால் என் வாய்க்குள் நெத்தலி போனால் சுறாவாகத்தான் வெளியே வரும். அதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

எழுபத்தாறாம் ஆண்டு, ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய டண்டினொங்கில் விக்னராஜா தன் கராஜில் முருகனுக்குப் பூசை வைத்தார். முன்சுவருக்குக் கோயில் மதில்போலச் சிவப்பும் வெள்ளையும் அடிக்கவேண்டும். அடிக்கக்கூடியவர் யோகேஸ்வரன் ஒருவர்தான். கார்த் தொழிற்சாலையில் பெயின்ற் அடிக்கிறவர். அவர் அடித்த காரில் முகம் பார்த்துக் காகங்கள் தலைசீவும். அன்றைக்கோ பிரஷைத் தொடவே மாட்டேன் என்று நின்றார்.

"முருகனிட்டையும் ஓவர்டைம் கேக்கிறியளோ அண்ணை?" என்று சீண்டினேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். "சிவப்பும் வெள்ளையும் அடிக்கக்கூடாத கை தம்பி இது."

பிறகு மெல்லச் சொன்னார். அறுபதுகளில் அவருடைய கப்பல் பழுதாகிக் கரீபியன் தீவொன்றில் நின்றதாம். அங்கே வெள்ளைக்காரன் பவளக்கல்லில் கட்டிய வெளிச்சவீடு. முதலில் திமிங்கில எண்ணெயில் எரிந்தது, பிறகு மண்ணெண்ணெயில். ஒரு புயல் அதன் பெயின்றை எல்லாம் உரித்துவிட்டது. (வாழைப்பழம் மாதிரி உரித்தது என்பது என் கணக்கு.) காவலாளி சோசப் இவருக்குத் தினமும் சோறு போட்டவர். அவர் காய்ச்சலில் கிடந்தபோது, "சிவப்பு, வெள்ளை வரி" என்று மட்டும் சொல்லி வாளிகளைக் கொடுத்தார். யோகேஸ்வரனுக்குத் தெரிந்த சிவப்பு வெள்ளை ஊர்க் கோயில் மதில்தான். அதேபோல நெட்டுக்கு, மேலிருந்து கீழாக, அடித்துவிட்டார்.

பகலில் கப்பல்களுக்கு அந்த வரிதான் அடையாளம். குறுக்கு வரி என்றால் இந்தத் தீவு, நெட்டு வரி என்றால் அடுத்த தீவு.

"கப்பல்காரன், உங்களுக்கு அது தெரியாதோ?" என்றார் விக்னராஜா.

"நான் இஞ்சின் அறை. கடலைக் கண்டதே குறைவு."

சீனி ஏற்றிவந்த கப்பலொன்று வரியை நம்பித் திரும்பிப் பாறையில் ஏறிவிட்டது. கடல் ஒரு வாரம் பாயாசமாய்க் கிடந்தது என்று நான் இடையில் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆக்களுக்கு ஒண்டுமில்லை. சோசப்புக்கு வேலை போச்சு. அவர் என்ர பேரைச் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. எங்கட கப்பல் வெளிக்கிடேக்கை கரையில நிண்டு கை காட்டினார். எனக்குக் கை எழும்பேல்லை."

சீண்டிய என் வாயை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. பூசைக்கு வடை சுட வந்திருந்த சத்தியபாமா அன்ரிதான் பிரஷை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இஞ்ச கப்பல் வராது. அடியுங்கோ."

அவரைத் தனியே விட்டு நாங்கள் வடை சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் சுவர் முடிந்திருந்தது. அச்சுப்பிசகாத சிவப்பு, வெள்ளை. எல்லாம் குறுக்கே.

"ஐயோ, கோயிலுக்கு நெட்டுக்கெல்லோ!" விக்னராஜா தலையில் கைவைத்தார். "அழியுங்கோ!"

"கை வைச்சுப் பாரும்! அது சோசப்புக்கு அடிச்சது," என்றார் அன்ரி.

"அப்ப பூசையும் சோசப்புக்கோ?"

"சாமி பார்த்தா குழம்பிடுவாருங்க," என்றார் பூசைக்கு வந்திருந்த சென்னை வெங்கட்ராமன்.

"உங்கட சாமி என்ன, கப்பலோ ஓட்டுறார்?" என்று அன்ரி அவர்மேல் பாய்ந்தார்.

வெங்கட்ராமன் வடைத்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். விக்னராஜா சுவரைக் கழுவத் தண்ணிக் குழாயைத் தூக்கினார். அன்ரி சுவருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார். யோகேஸ்வரன் மட்டும் பிரஷ் சொட்டச் சொட்டத் தலைகுனிந்து நின்றார்.