அமிலம் போடாத ஆறு போத்தல்கள்

நீர்ப் பரிசோதனை ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரே ஒரு அறிக்கையில்தான் என் கையெழுத்தை நானே வெட்டினேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக அதை எழுதிவைக்கிறேன்.

1. "தண்ணி தண்ணிதானே"

ஆற்றுமுகத்துக்குச் சற்று மேலே பழைய பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, வலைக்குக் கட்டும் குண்டு வார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் கழுவுநீர் ஆற்றில் விழுந்தது. கீழே முழங்கால் தண்ணீரில் பெண்கள் மட்டிச் சிப்பி பொறுக்கினார்கள். முறைப்பாடு வந்ததும் மாதிரி எடுக்க என்னை அனுப்பினார்கள்.

உலோகம் பார்ப்பதற்கான தண்ணீரில் உடனே சில துளி நைத்திரிக் அமிலம் விடவேண்டும். விடாவிட்டால் ஈயம் போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பரிசோதனை ஈயத்தைக் குறைத்தே காட்டும். அன்று ஸ்டோரில் அமிலம் முடிந்திருந்தது. பொறுப்பதிகாரியிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை அறிக்கை போகவேணும், மிஸ். சும்மா எடுங்கோ. தண்ணி தண்ணிதானே."

எடுத்தேன். செவ்வாய்க்கிழமை, காலை ஏழு பத்திலிருந்து எட்டு மணிவரை, ஆறு போத்தல். "ஈயம் கண்டறியப்படவில்லை" என்று முடிவு வந்தது. கையெழுத்திட்டேன்.

2. ஒரு சொல்

திங்கட்கிழமை ரஹ்மா ராத்தா ஆய்வுகூடத்துக்கே வந்தார். குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து மட்டி பொறுக்குபவர்.

"மிஸ், மகளுக்கு வயித்தில அஞ்சு மாசம். மட்டியெண்டா அவளுக்கு உசிரு. தின்னலாமா, ஏலாதா? ஒரு சொல்லுச் சொல்லுங்க."

"தின்னலாம்" என்றேன்.

வியாழக்கிழமை என் ஃபீல்ட் புக்கிலிருந்து அலுவலகப் பதிவேட்டுக்குப் பிரதி எடுத்தேன். நாள், நேரம், நீரின் நிறம், காற்று எல்லாம் இருந்தன. "அமிலம்" என்ற நிரலில் மட்டும் ஆறு வெறுங் கோடுகள். தெரிந்துதான் எடுத்தேன், நல்ல முடிவைக் கண்ட நிம்மதியில் மறந்துபோனேன். ஈயம் வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தாக்கும் என்று படித்தவள் நான்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகுமுன் ஆற்றுக்குப் போனேன்.

"ராத்தா, நான் சொன்னது பிழை. மட்டி வேண்டாம்."

"நல்லா அவிச்சாலுமா?"

"அவிச்சாலும் ஈயம் போகாது."

"அப்ப நாலு நாளா அவள் திண்டதுக்கு?"

"கிளினிக்குக் கூட்டிப்போவம். இரத்தத்தில பார்க்கச் சொல்லுவம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தபடியே கூடையை ஆற்றில் கவிழ்த்தார்.

"இப்ப சொன்னதை எழுத்தில தாங்க, மிஸ். வாயால சொன்னது போதும்."

3. சிவப்புப் பேனை

அலுவலகப் பிரதியில் "மாதிரிகளுக்கு அமிலம் இடப்படவில்லை, முடிவு செல்லாது" என்று சிவப்புப் பேனையால் எழுதி, கையெழுத்தை வெட்டினேன்.

பொறுப்பதிகாரி கதிரையை விட்டு எழும்பினார். "என்ன பகிடி இது? உங்கட கையெழுத்தை நீங்களே வெட்டுறீங்களோ?"

"ஓம் சேர். போட்டவள் நான்தானே."

"மேலிடத்துக்குப் போன அறிக்கையைத் திருத்த ஏலாது. பட்டறையை மூடினாக் குண்டு வாங்கிற ஆக்கள் எல்லாம் என்னோடதான் சண்டைக்கு வருவினம்."

"என்னட்ட அனுப்புங்கோ. மேலிடத்துக்கு நானே எழுதிப்போட்டன். பிரதி உங்கட மேசையில."

"உங்களைப் புல்மோட்டைக்கு மாத்தினாத்தான் சரி."

"அங்கயும் தண்ணி தண்ணிதானே, சேர்."

வேறொரு ஆய்வுகூடத்தில் அமிலம் கடன் வாங்கினேன். இம்முறை தண்ணீரோடு ஆற்றுச் சேறும் மட்டியும் எடுத்தோம். மட்டியைப் பொறுக்கித் தந்தவர் ரஹ்மா ராத்தா. மூன்றிலும் ஈயம் இருந்தது; மட்டியில் உண்ணத்தகாத அளவு. பட்டறையை ஆற்றங்கரையிலிருந்து அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. மகளின் இரத்தத்திலும் ஈயம் இருந்தது. பிள்ளை பிறந்துவிட்டது, கிளினிக்கில் இன்னும் கவனித்து வருகிறார்கள். அதில் என் பங்கு எவ்வளவென்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

"கண்டறியப்படவில்லை" என்பதற்கு "இல்லை" என்று பொருள் இல்லை. எப்படித் தேடினார்கள் என்று கேளுங்கள்.

என் இடமாற்றக் கடிதமும் வந்தது. புல்மோட்டையில் முதல் நாளே மாதிரி எடுத்துவரச் சொன்னார்கள். அமிலம் இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த கிழமை வரும் என்றார்கள். அப்படியென்றால் மாதிரியும் அடுத்த கிழமைதான் என்று சொல்லிவிட்டு, வெறும் போத்தல்களைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன்.