பாதையில் வைத்த எள்ளுச் சோறு

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள், எனக்கொரு நட்டமும் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போகிறவன்தான் நானும். ஆனால் போன ஆடியில், தம்பலகாமத்துக் காட்டில், இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில்.

நானும் என் கூட்டாளி தயாவும் முதன்முதலாக ஐம்பது கிலோமீற்றர் காட்டு ஓட்டமொன்றுக்குப் பழகிக்கொண்டிருந்தோம். கால் பிரச்சினை இல்லை, வயிறுதான். ஓடும்போது தெம்புக்கு எனர்ஜி ஜெல் தின்றால் தயா வாந்தி எடுப்பான். சிவப்பரிசிச் சோற்றில் எள்ளும் சர்க்கரையும் உப்பும் பிசைந்து பிடித்த உருண்டைதான் கடைசியில் அவனுக்கு ஒத்துக்கொண்டது.

அதை அவன் வீட்டில் செய்ய வழியில்லை. அவனுடைய அம்மா அன்னப்பிள்ளை எள்ளை வாசற்படி ஏற விடமாட்டார். தயா வயிற்றில் இருந்தபோது, தொண்ணூறாம் ஆண்டு, இதே காட்டுக்கு விறகுக்குப் போன புருசன் திரும்பவில்லை.

“எள்ளுச் சோறு செத்த ஆக்களுக்கு. என்ர மனிசன் வருவார்” என்பார்.

ஒரு திவசம் செய்யவில்லை. முப்பத்தைந்து வருடமாக அந்த நம்பிக்கையில்தான் அந்த மனுசி உயிரோடு இருந்தார்.

அதனால் உருண்டை என் குசினியில் உருவானது. அன்று காலை மோட்டார் சைக்கிளில் போய், பாதையோரம் மூன்று இடங்களில் வாழையிலைத் துண்டில் வைத்தேன். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். சுமக்காமல் ஓடலாமாம், என் கெட்டித்தனம்!

பதினொரு மணிக்கு ஓடத் தொடங்கினோம்.

முதல் இடத்தில் உருண்டைகளைக் காணோம். “குரங்கு” என்றேன்.

“குரங்கு இலையை மடிக்குமோடா?” என்றான் தயா.

மடித்துத்தான் இருந்தது. செத்த வீட்டில் சாப்பிட்டு எழும்புகிறவர்கள் மடிப்பதுபோல, வெளிப்பக்கமாக.

இரண்டாவது இடமும் அப்படியே. போத்தலின் சீல் உடையவில்லை. ஆனால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை...

பன்னிரண்டு பத்துக்குத் தயா விழுந்தான். உடம்பு உதறியது. வியர்வை நின்றுவிட்டது.

“ஏலாது மச்சான்... தின்ன ஏதும் தா...”

போனில் சிக்னல் இல்லை. மூன்றாவது இடம் கிட்டத்தான். அவனை நிழலில் கிடத்திவிட்டு ஓடினேன்.

காட்டில் ஒரு குருவிச் சத்தமும் இல்லை.

பிறகு கேட்டது.

சப்... சப்...

யாரோ மெல்லுகிற சத்தம்.

பாலை மரத்தடியில் ஓர் ஆள் குந்தியிருந்தார். முதுகுதான் தெரிந்தது. இடுப்பில் சாரம். பக்கத்தில் கோடரி. என் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். “அண்ணை, அது எங்கட சாப்பாடு! அங்க ஒருத்தன் சாகக் கிடக்கிறான்!”

அவர் திரும்பவில்லை.

“நல்ல பசி, தம்பி. பூச்சிக்கு ஒண்டு மிச்சம் வைச்சனான்.”

கை மட்டும் பின்னால் நீண்டது. ஒற்றை உருண்டை.

வாங்கினேன். ஐஸ் போலக் குளிர்ந்தது.

நிமிர்ந்தேன்...

ஆளில்லை.

அந்த உருண்டையைத் தின்றுதான் தயா எழும்பினான். விழுந்து எழும்பி ரோட்டுக்கு வந்தோம். அவனிடம் நான் மூச்சு விடவில்லை. ஓர்ஸ் ஹில்லில் அவன் வீட்டுப் பக்கம் திரும்பும்போது கோயில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இன்று ஆடி அமாவாசை.

தகப்பனை இழந்தவர்கள் எள்ளுச் சோறு படைக்கிற நாள். என் அப்பா உயிரோடு இருக்கிறார். தயா வீட்டில் அதை அனுட்டிப்பதே இல்லை. இரண்டு பேருக்கும் கலண்டர் பார்க்கத் தோன்றவில்லை.

பாழாய்ப்போன என் வாய் சும்மா இருந்ததா? அன்னப்பிள்ளை அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “ஆரம்மா பூச்சி?” என்றும் கேட்டேன்.

அவருடைய முகம் வெளிறிப்போனது.

“தயா வயித்துக்குள்ள துடிக்கேக்க அவர் கூப்பிட்ட பேர். நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.”

தயாவுக்கே அது தெரியாது.

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

“வயிறு நிறையச் சாப்பிட்டவரோ?”

“ஓம் அம்மா.”

மகனிடம் திரும்பினார்.

“தம்பி, நாளைக்கு ஐயரிட்டப் போய்க் கேள். திவசத்துக்கு என்னென்ன வேணுமெண்டு.”