என் ஐம்பதாவது பிறந்த நாளும் ஜெசிந்தாவும்

ஜெசிந்தா இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது என் மகள் கயல்விழி. நான் விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கம்பெனியில் அகல் விளக்குகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பெண்ணாடத்திலிருந்து போன் வந்தது. "அம்மா, பெரிம்மா போயிட்டாங்க" என்றாள். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றாள். ஜெசிந்தாவின் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவளுடைய சாவுச் செய்தி பெண்ணாடம் போய்ச் சுற்றிக்கொண்டு என்னிடம் வர வேண்டியிருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு அறுந்துபோயிருந்தது என்பது இதைப் படிக்கும் பீங்கான் கம்பெனித் தோழிகள் எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பது பாதிப் பேருக்குத்தான் தெரியும். அவளைப் பற்றி எழுதச் சொல்லி நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். உள்ளதைத்தான் எழுத முடியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். பெயரைக்கூடக் கேட்காமல் ஒரு தூரிகையை என் கையில் கொடுத்து, "கண்ண மட்டும் கடைசியா வை. முன்னாடியே வெச்சுட்டா அது நம்மளயே பாத்துக்கினு இருக்கும், கை நடுங்கும்" என்றாள். எனக்கு வண்ண வேலை வரவில்லை, பெட்டி கட்டும் பக்கம் போய்விட்டேன். ஆனால் மதியச் சாப்பாடு அன்றிலிருந்து அவளோடுதான். கல்யாணம் செய்துகொள்ளாதவள், தம்பி குடும்பத்தோடு இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து கயலுக்குத் தலை பின்னிவிடுவாள். கயல் அவளைப் பெரிம்மா என்று கூப்பிட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சாப்பாட்டில் அவளுக்கு இருந்த ஆசை உங்களுக்கே தெரியும். எந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் அந்த ஊரில் எது ருசி என்று விசாரித்துத் தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். "ஊர நாக்கால பாத்தாதான் மறக்காது" என்பாள். எனக்கு ஐம்பது வயது நிறையப்போகிறது என்று தெரிந்ததும் மதுரைக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். என் பிறந்த நாளை அதுவரை யாரும் கொண்டாடியதில்லை. என் கணவர் வேப்பூரில் டயர் கடை வைத்திருப்பவர், அவருக்கு என் பிறந்த நாளே தெரியாது. அவரிடம் அனுமதி வாங்கியதும் ஜெசிந்தாதான். "ஒரு நா அனுப்பி வைங்கண்ணே, பத்திரமா கொண்டாந்து உடுறேன்" என்றாள்.

அந்தச் சமயத்தில் வீட்டில் கயலின் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்து மங்களூரில் இருக்கும் என் நாத்தனார் மகனுக்கு அவளைப் பேசி முடித்துப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தோம். கயல் வாய் திறக்காமல் இருந்தாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையில் இறங்கியதும் ஜெசிந்தா என்னைக் குளிக்க வைத்து, அவள் வாங்கிவைத்திருந்த மாம்பழ நிறச் சேலையைக் கட்டச் சொன்னாள். ஒரு சந்துக்குள் கூட்டிப்போய் இட்லி வாங்கித் தந்தாள். பூ மாதிரி இருந்தது, நாலு வகைச் சட்னி. அங்கிருந்து மீனாட்சி கோயில். உள்ளே போன் விட மாட்டார்கள் என்று என்னுடையதையும் சேர்த்து வாங்கிக்கொண்டுபோய் ஒப்படைத்தாள். நான் சன்னதிக்குப் போய் வரும்வரை பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து போனை மீட்டபோது என்னுடையதை அணைத்து அவள் பையிலேயே போட்டுக்கொண்டாள். "வூட்ட ஒரு நா மறடி. பொறந்த நாளு உனக்கு, உன் வூட்டுக்காரருக்கு இல்ல" என்றாள். நான் சிரித்தேன். சரி என்றேன்.

மதியம் கறி தோசை சொன்னாள். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவள் பாதியைக்கூடத் தொடவில்லை. தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்த ஜெசிந்தாவை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். என்னாடி என்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். பிறகு திருமலை நாயக்கர் மகால். அந்தப் பெரிய தூண் ஒன்றை நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் நின்று கட்டிப்பிடித்துப் பார்த்தோம், கைகள் எட்டவில்லை. வெயில் தாழ ஜிகர்தண்டா, பருத்திப்பால், மறுபடி ஒரு கடையில் சூடான போண்டா. புதுமண்டபத்துப் பக்கம் எனக்குக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டாள். அப்படி ஒரு நாளை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் இல்லை. அதைச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் விடியும்போது விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினோம். பிளாட்பார பெஞ்சில் என்னை உட்கார வைத்து, போனைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "தேனு, கயலுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நேத்து மதியம். பையன் நல்லவன். அவ நல்லா இருக்கா."

பெண்ணாடத்தில் கரும்பு லாரி ஓட்டும் சரவணன். வேறு சாதி. அங்கே ஒரு கோயிலில் தாலி கட்டிப் பதிவும் செய்துவிட்டார்கள். நான் கறி தோசை தின்றுகொண்டிருந்த நேரம் அது.

வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுத விரும்பவில்லை. என் கணவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. நாத்தனார் வீட்டோடு உறவு அறுந்தது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னை மதுரைக்குக் கூட்டிப்போனது கயல் கிளம்பும்போது நான் வீட்டில் இல்லாமல் செய்யத்தான் என்பதுதான் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சேலை, அந்த வளையல், அந்தச் சிரிப்பு எதுவும் எனக்காக இல்லை.

ஒரு வாரம் கழித்து ஜெசிந்தா எங்கள் வாசலில் வந்து நின்றாள். நான் உள்ளே கூப்பிடவில்லை. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லியிருந்தா உன் மொகமே காட்டிக் குடுத்துருக்கும் தேனு."

"என்கிட்ட சொல்ல வேணாம்னு யாரு முடிவு பண்ணது? கயலா?"

"அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு என்னா தெரியும். நாந்தான்."

கதவைச் சாத்தினேன். எனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மகள் பக்கம் நின்றிருப்பேனோ, அவள் அப்பா காலில் விழுந்திருப்பேனோ. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவள் நான். பெற்றவள் இல்லாமல் மகள் கழுத்தில் தாலி ஏறியது. அந்த ஒரு நிமிடத்தை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

அதன் பிறகு கம்பெனியில் நாங்கள் பேசவில்லை. அவள் வண்ணம் வைத்த பொம்மைகள் என் பக்கம் வரும், நான் கட்டி அனுப்புவேன். அவ்வளவுதான். பேத்தி பிறந்ததும் என் கணவரே இறங்கிவந்து பெண்ணாடத்துக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். கயல் எங்கள் வீட்டுக்கு வரப் போக இருந்தாள். நான் ஜெசிந்தாவிடம் மட்டும் பேசவில்லை. பெற்ற அப்பனே மன்னித்துவிட்டான், உனக்கென்ன என்று நீங்கள் கேட்டீர்கள். அவரை யாரும் பிறந்த நாள் என்று சொல்லி ஊர் சுற்றக் கூட்டிப்போகவில்லை.

கோயிலில் பூசை முடிந்து கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடந்துகொண்டே சொன்னாள். "பெரிம்மா உங்கிட்ட சொல்லிடலாம்னுதான் சொன்னாங்கம்மா. நாந்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினேன். நீ அப்பாகிட்ட சொல்லிடுவன்னு பயம்."

நான் நின்றுவிட்டேன். அதை ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்றேன் சொல்றேன்னு எத்தினியோ தடவ கேட்டேன். உடமாட்டேன்னுட்டாங்க. 'உங்கம்மாவுக்கு யாரு மேலயாவது கோவம் இருந்துதான் தீரும். அது எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும். உம்மேல வந்துச்சுன்னா அவளுக்கு அப்புறம் யாரு இருக்காங்க'ன்னு சொன்னாங்க."

கயல் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது ஆத்திரம்தான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை என்னைத் தள்ளி வைத்துவிட்டு அவர்கள் இருவரும் எனக்காக முடிவெடுத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த தோழியோடு நான் பேசியிருக்கக்கூடிய வருடங்களை அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போய்ச் சண்டை போடவும் இப்போது ஆள் இல்லை.

அவள் பெரிய மனசுக்காரி என்று நீங்கள் எல்லாரும் பேசினீர்கள். இருக்கட்டும். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவள் என்னை நம்பவில்லை, என் மகளும் நம்பவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. அன்று இரவு கயல் எங்கள் வீட்டில்தான் தங்கினாள். காலையில் அவளுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். பேத்திக்கு ஊட்டினேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று மகளிடம் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

ஜெசிந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தை. அதை அவள் மேலேயே வைத்திருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.